பலர் சேர்ந்து தொடுக்கும் வழக்கும் நம் கையிலுள்ள காகிதமும்

சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையின் உதவி மேசைக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அவருடைய தாயாருக்கு வேறொரு மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சில மாதங்களாக நடக்கும்போது வலி. எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் கேட்ட கேள்வி மருத்துவத்தைப் பற்றியதன்று. தாயாருக்குப் பொருத்தியது போன்ற மூட்டினால் பாதிக்கப்பட்டவர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு பெரிய வழக்குப் போடப்போகிறார்கள் என்றும், படிவத்தில் கையெழுத்திட்டு இரண்டாயிரம் ரூபாய் செலுத்தினால் அவர் பெயரும் சேர்க்கப்படும் என்றும் யாரோ தொலைபேசியில் அழைத்துச் சொல்லியிருக்கிறார். "சேரலாமா சார்? அம்மாவுக்கு அதனால் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார்.

மேசையில் இருந்தவரால் உடனே விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு விடை தேடிய முயற்சியே.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய வழக்குகளில் மருத்துவமனையும் ஒரு தரப்பாக நிற்க நேரலாம். அவ்வாறிருக்க, மருத்துவமனையின் செய்தி இதழே வழக்கைப் பற்றி எழுதுவது தகுமா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். நியாயமான ஐயம். ஆகவே படிப்போர் இதனைச் சற்று எச்சரிக்கையுடனே படிக்கலாம். நாங்கள் சட்ட வல்லுநர்களும் அல்லர். வழக்குத் தொடுக்கும் எண்ணம் உள்ளவர் வழக்கறிஞரையோ நுகர்வோர் அமைப்பையோ நாடுவதே முறை.

எல்லார் சார்பிலும் ஒருவர்

ஒரே காரணத்தால் பலர் இழப்புக்கு ஆளாகும்போது, அவர்களுள் ஒருவரோ சிலரோ அனைவரின் சார்பிலும் தொடுக்கும் வழக்கைக் குழு வழக்கு என்கிறோம். செய்தித்தாள்களில் 'கிளாஸ் ஆக்‌ஷன்' என்று வருவது இதுவே. அமெரிக்காவிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாட்டின் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, முதலாம் கட்டளையின் எட்டாம் விதியாக, இதற்கு வழி இருக்கிறது.

நம் பகுதிக்கு அருகிலேயே இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. சென்னை அசோக் நகரில் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கென வீட்டு வசதி வாரியம் கட்டி ஒதுக்கிய வீடுகளுக்கு, பல ஆண்டுகள் கழித்துக் கூடுதல் விலை கேட்டு அறிவிப்புகள் வந்தன. ஒதுக்கீடு பெற்றவர்களுள் ஒருவர் எல்லார் சார்பிலும் வழக்குத் தொடுத்தார். அறிவிப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்பப்பட்டது; எனவே வழக்கும் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்று வாரியம் வாதிட்டது. 1990-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அனைவருக்கும் பொதுவான நலன் ஒன்று இருந்தால் போதும். ஒரே சிக்கலுக்காக நூறு வழக்குகள் நடப்பதைத் தவிர்க்கவே இவ்விதி இருக்கிறது என்றது.

நுகர்வோர் சட்டத்திலும் இதே வழி இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35-ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆணையத்தின் அனுமதி பெற்று, ஒரே நலன் கொண்ட நுகர்வோர் அனைவருக்காகவும் ஒருவரோ சிலரோ முறையிடலாம். அனுமதி கிடைத்த பின் ஏனையோருக்கு நேரிலோ நாளிதழ் விளம்பரம் வாயிலாகவோ அறிவிப்புத் தர வேண்டும். அதற்கான செலவு முறையிட்டவரைச் சேரும். மருத்துவச் சேவையும் இச்சட்டத்தின் கீழ் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இலேயே உறுதிசெய்துவிட்டது. கட்டணம் எதுவும் பெறாமல் அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு மட்டும் அத்தீர்ப்பு விலக்களித்தது.

சட்டம் இருக்கிறது. இருந்தும் மருத்துவப் பொருள்கள் குறித்த குழு வழக்குகள் நம் நாட்டில் அரிதாகவே கண்ணில் படுகின்றன. நுகர்வோர் ஆணையங்களில் குழுவாக வரும் புகார்களுள் பெரும்பாலானவை அடுக்குமாடி வீடு வாங்கியோர் தொடுப்பவை. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் குடியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கட்டுமான நிறுவனம், ஒரே ஒப்பந்தம், ஒரே காலத் தாமதம் என்று அங்கே எல்லாருடைய குறையும் ஒன்றாக இருக்கிறது. அதிலும்கூட உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் ஒரு கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. பெங்களூருவில் 1,134 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 51 வீடுகளின் உரிமையாளர்கள் எல்லார் சார்பிலும் பேச முயன்றபோது, ஏனையோருக்கும் அதே குறைதான் என்பதை அவர்கள் காட்டவில்லை என்று கூறி, குழு வழக்காக ஏற்க மறுத்தது. தங்களுக்காகத் தாங்களே இணைந்து தொடுத்த புகாராக மட்டும் அதை நடத்த இசைந்தது.

வீடுகள் விஷயத்திலேயே இப்படியென்றால் உடல்கள் விஷயத்தில் எப்படி? ஒரே மூட்டு இருவருக்குப் பொருத்தப்பட்டாலும் ஒருவர் வயது 45, மற்றவர் வயது 70. ஒருவருக்குச் சர்க்கரை நோய், மற்றவருக்கு இல்லை. ஒருவர் நான்காம் ஆண்டில் வலியால் துடிக்கிறார். மற்றவர் பத்து ஆண்டுகளாக நடைப்பயிற்சிக்குப் போகிறார். பொருளில் குறை இருந்தது என்பதைப் பொதுவாக மெய்ப்பிக்கலாம். அந்தக் குறை இந்த உடலில் இந்தத் தீங்கை விளைத்தது என்பதை அவரவரே மெய்ப்பிக்க வேண்டும்.

பன்னிரண்டு ரூபாய்ப் பொட்டலம்

குழு வழக்கு உண்மையில் யாருக்கென்று உருவானது என்பதை நினைவில் கொள்வது நல்லது. ஒவ்வொருவரின் இழப்பும் சிறிதாக, எவரும் தனியே வழக்குக்குப் போகத் துணியாத அளவில் இருக்கும்போது, அச்சிறு இழப்புகளையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரு நிறுவனத்தைக் கேள்வி கேட்பதே அதன் நோக்கம். பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிய கடைக்காரரை யாரும் செங்கல்பட்டு ஆணையம் வரை இழுத்துச் செல்வதில்லை. பத்து ரூபாயைப் பத்து இலட்சம் பேரிடம் வாங்கியவரைக் கேட்க ஒரு வழி வேண்டும்.

இவ்வழியில் நம் அரசே ஒருமுறை இறங்கியது. 2015-இல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில், நுகர்வோர் அனைவருக்காகவும் நெஸ்லே இந்தியா நிறுவனத்திடம் சுமார் 640 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டது. கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் நடந்த அம்முறையீட்டை 2024 ஏப்ரலில் ஆணையம் தள்ளுபடி செய்தது. வென்றிருந்தாலும், நூடுல்ஸ் வாங்கியதற்கான இரசீதை எந்த வீட்டில் யார் வைத்திருந்தார்கள்?

குழு வழக்குகளின் தாயகம் போன்ற அமெரிக்காவிலேயே இந்த இடத்தில்தான் பயன் கசிந்து போகிறது. வழக்கு சமரசத்தில் முடிந்து பணம் ஒதுக்கப்பட்டதும், பாதிக்கப்பட்டவர் படிவம் நிரப்பி உரிமை கோர வேண்டும். எத்தனை பேர் கோருகிறார்கள் என்பதை அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. தாங்கள் ஆய்ந்த வழக்குகளில் அந்த விகிதத்தின் நடுமதிப்பு நூற்றுக்கு 9. பெரிய வழக்குகளுக்கு அவற்றின் அளவுக்கேற்ப எடை கொடுத்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 4 மட்டுமே. அறிவிப்பு வந்தும் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. வழக்கறிஞர் கட்டணமோ தவறாமல் போய்ச் சேர்கிறது.

இதனால் குழு வழக்கே வீண் என்று கூறுவதற்கில்லை. வழக்குக்கு அஞ்சி நிறுவனங்கள் திருந்துவது உண்டு. அந்த நன்மை படிவம் நிரப்பாதவருக்கும் கிடைக்கிறது. ஆனால் அது சமுதாயத்துக்குக் கிடைக்கும் நன்மை. நம்மிடம் கேட்டவர் தம் தாயாருக்கு என்ன கிடைக்கும் என்றே கேட்டார்.

4,700 பேரும் 67 பேரும்

அவருடைய கேள்விக்கு மிக நெருங்கிய உண்மை நிகழ்வு ஒன்று உண்டு. அதுவும் இடுப்பு மூட்டைப் பற்றியதே. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீப்யூ நிறுவனம் 'ஏ.எஸ்.ஆர்.' என்ற பெயரில் செயற்கை இடுப்பு மூட்டுகளை விற்றது. வழக்கமாகச் செயற்கை மூட்டில் குமிழ் உலோகமாகவோ பீங்கானாகவோ இருக்கும். அது அமரும் கிண்ணத்தின் உட்பகுதி உறுதியான நெகிழியாக இருக்கும். ஏ.எஸ்.ஆர். மூட்டில் குமிழ், கிண்ணம் இரண்டுமே கோபால்ட்–குரோமியக் கலப்பு உலோகம். உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, நுண்துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் இரத்தத்திலும் கலந்தன. வலி, வீக்கம், திசு அழிவு ஆகியவை தோன்றி, பலருக்கு மூட்டை எடுத்துவிட்டு வேறு பொருத்த வேண்டிய மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

இதை முதலில் கண்டறிந்தது நீதிமன்றமன்று. ஒவ்வொரு மூட்டு அறுவை சிகிச்சையையும் பதிவேட்டில் ஏற்றிவரும் நாடுகளில், எந்த மூட்டு எத்தனை பேருக்குத் தோற்கிறது என்பது எண்களாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரில் விற்பனை நின்றது. இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் பதிவேட்டின் கணக்குப்படி, ஐந்து ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 12 முதல் 13 பேர். 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அம்மூட்டுகளை நிறுவனம் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. கடையிலுள்ள பெட்டியைத் திரும்பப் பெறலாம். இடுப்புக்குள் இருப்பதைத் திரும்பப் பெறுவது எப்படி என்பது பாதிக்கப்பட்டவர்களின் பாடாக ஆனது.

இனி நடந்தது நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அமெரிக்காவில் உடற்காயம் பற்றிய வழக்குகளைக் குழு வழக்காக ஏற்க நீதிமன்றங்கள் தயங்குகின்றன. மேலே சொன்னபடி ஒவ்வோர் உடலும் வேறு என்பதே காரணம். ஆகவே ஆயிரக்கணக்கான தனி வழக்குகளை ஒரே நீதிபதியின் முன் கொண்டுவந்து, பொதுவான சான்றுகளை ஒருமுறை மட்டும் ஆராய்ந்தனர். 2013 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. மறு அறுவை செய்துகொண்ட சுமார் 8,000 பேருக்கென ஏறத்தாழ 250 கோடி டாலர். தலைக்கு அடிப்படைத் தொகை இரண்டரை இலட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். இதில் வழக்கறிஞர் பங்கு போக எஞ்சியதே கைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் உண்மையான குழு வழக்கே நடந்தது. சுமார் 1,700 பேருக்காக 25 கோடி ஆஸ்திரேலிய டாலர் என 2016-இல் முடிந்தது.

இந்தியாவில் அம்மூட்டுப் பொருத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 4,700 பேர். இங்கே அவர்கள் அனைவர் சார்பிலும் நின்று வென்ற குழு வழக்கு எதுவும் இல்லை. அரசு 2017-இல் மருத்துவர் அருண் அகர்வால் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தது. அக்குழு 2018-இல் அறிக்கை தந்தது. அடிப்படை இழப்பீடாக ஒவ்வொருவருக்கும் 20 இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் வாய்பாட்டை அடுத்த குழு வகுத்தது. அதன்படி 30 இலட்சம் முதல் 1 கோடியே 23 இலட்சம் வரை கிடைக்கலாம் என 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பொதுநல வழக்கொன்று உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. அரசின் இத்திட்டத்தை ஏற்று 2019 ஜனவரியில் அதை முடித்துவைத்தனர். நிறுவனமோ அரசின் ஆணையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. 2019 மே மாதம், மறு அறுவை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலைக்கு 25 இலட்சம் ரூபாய் தர முன்வருவதாக அங்கே கூறியது.

4,700 பேரில் 67 பேர். எல்லாருக்கும் மூட்டுத் தோற்றிருக்காது என்பது உண்மையே. பலர் வலியின்றி இருந்திருக்கலாம். ஆனால் அதைவிடக் கசப்பான எண் ஒன்று வல்லுநர் குழுவின் பணியின்போது வெளிப்பட்டது. தேடிக் கண்டறிய முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரே. ஏறத்தாழ 3,600 பேர் யார், எங்கே இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. தங்கள் இடுப்பில் இருப்பது இந்த மூட்டுதான் என்று அவர்களுள் பலர் அறிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இழப்பீட்டுத் தொகை 20 இலட்சமா, ஒரு கோடியா என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டிருந்தபோது, பெறவேண்டியவர்களில் பெரும்பாலோர் அப்பட்டியலிலேயே இல்லை. அமெரிக்க நோயாளிக்கும் இந்திய நோயாளிக்கும் இடையிலிருந்த வேறுபாட்டுக்குப் பலர் சட்டத்தைக் காரணம் காட்டுகின்றனர். அதுவும் ஒரு பங்குதான்: அங்கே வெற்றிபெற்ற தொகையில் வழக்கறிஞர் பங்கு பெறலாம், ஆகையால் அவரே முன்வந்து செலவிடுகிறார், இங்கே அத்தகைய பங்கு ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் நடத்தை விதிகள் இடங்கொடுப்பதில்லை. ஆயினும் எங்கள் கணிப்பில் பெரிய வேறுபாடு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. அங்கே எந்த உடலில் எந்த எண்ணுள்ள மூட்டு என்பது எழுதப்பட்டிருந்தது.

மூன்று ஆண்டுகள், 72 மணி நேரம்

செயற்கை மூட்டு, எலும்பில் வைக்கும் பிளேட், இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட், கண்ணில் வைக்கும் லென்ஸ், பேஸ்மேக்கர் ஆகிய ஒவ்வொன்றும் வரும் பெட்டிக்குள் சிறு ஸ்டிக்கர்கள் சில இருக்கும். தயாரித்த நிறுவனம், பொருளின் பெயர், அளவு, தொகுதி எண் அல்லது வரிசை எண் ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். அறுவை அரங்கில் செவிலியர் அதைப் பிரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார். அந்தக் கட்டைவிரல் அளவுக் காகிதம்தான், பின்னாளில் ஒரு பொருள் திரும்பப் பெறப்பட்டால், இது உங்களுக்குப் பொருந்துமா பொருந்தாதா என்பதைச் சொல்லும் ஒரே சான்று.

அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மருத்துவமனையின் கோப்பில். நோயாளிக்குத் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது' என்ற அளவில் ஒரு வரி இருக்கும். பெயரும் எண்ணும் இருப்பது குறைவு. எங்கள் மருத்துவமனையின் பழைய சம்மரிகள் சிலவற்றை இக்கட்டுரைக்காகப் புரட்டியபோது எங்களுடையவையும் விதிவிலக்கல்ல என்பதைக் கண்டோம். ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் அரசு விலை உச்சவரம்பு விதித்த 2017-ஆம் ஆண்டிலிருந்து, அவற்றின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண் ஆகியவற்றை இரசீதில் தனியே காட்ட வேண்டும் என்ற ஆணை உண்டு. ஆகவே இரசீதையும் எறிந்துவிடலாகாது.

இங்கே அனைவரும் அறிந்திருக்க வேண்டிய இரண்டு எண்கள் இருக்கின்றன. மருத்துவர்களின் தொழில் நெறி பற்றிய 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இரண்டாவது எண் நமக்குத் துணை. முதலாவது எண்தான் கவலைக்குரியது. ஏ.எஸ்.ஆர். மூட்டு ஐந்து ஆண்டுகளில் தோற்றது என்று பார்த்தோம். ஆவணம் காக்கப்பட வேண்டிய காலமோ மூன்று ஆண்டுகள். வலி தொடங்கும் நாளில் கோப்பு பழைய காகிதக் கடைக்குப் போயிருக்கக்கூடும். அதில் விதிமீறலும் இராது.

எங்கள் இதழ்க் குழுவினர் ஒருவருக்கே இது நேர்ந்தது. அவருடைய தந்தையாரின் தொடை எலும்பில் பல ஆண்டுகளுக்கு முன் வேறோரிடத்தில் பிளேட் வைத்தார்கள். அது உடைந்தபோது என்ன வகை, யார் தயாரித்தது என்று அறிய அங்கே சென்றார். ஆவண அறை இருந்த இடத்தில் மருந்துக் கிடங்கு இருந்தது.

ஆகவே வழக்குத் தொடுக்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே ஸ்டிக்கரின் நகலையும் அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். கைபேசியில் படம் எடுத்து, பிள்ளைகள் இருவருக்காவது அனுப்பி வையுங்கள். நோயாளி முதியவராயின் பராமரிப்பவரே இதைச் செய்ய வேண்டியிருக்கும். எங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் ஆவணப் பிரிவில் எழுத்து வடிவில் விண்ணப்பித்தால் போதும்.

கையெழுத்திடுமுன்

இனி அந்தப் பெண்மணியிடம் வந்த படிவத்தைப் பார்ப்போம். குழு வழக்கில் பலர் அறியாத ஓர் அம்சம் உண்டு. எல்லார் சார்பிலும் நடந்த வழக்கில் வரும் தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும். தோற்றால், நேரில் வராதவரும் தோற்றவரே. சமரசம் செய்தாலோ வழக்கைக் கைவிட்டாலோ ஏனையோருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது; அந்த அறிவிப்பு நாம் படிக்காத நாளிதழில் வெளிவந்துவிடவும் கூடும். பெயர் சேர்ப்பதால் இழப்பு ஒன்றுமில்லை என்று எவரேனும் சொன்னால், அது பாதி உண்மை.

எனவே கேட்க வேண்டியவை சில. ஆணையத்தின் அனுமதி பெற்றாயிற்றா, அல்லது இனிதானா? முறையிடுபவர் யார், அவரும் பாதிக்கப்பட்டவரா, வழக்கு எண் என்ன? கேட்கும் பணம் எதற்கு? குழு வழக்கில் ஒருவர் அனைவருக்காகவும் முறையிடும்போது ஒவ்வொருவரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. வழக்கு எண் கேட்டதும் தொலைபேசி துண்டிக்கப்படுமானால் அதுவே ஒரு விடை.

தனியே முறையிடும் வழி எளியது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி வாசிகளுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் செங்கல்பட்டில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குறைபாடுள்ள பொருளால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவரையும் விற்றவரையும் பொறுப்பாக்குவதற்கு அச்சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். முதலில் வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வழக்குக்குப் போகாதவரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைப் பதிவு செய்ய 2015 முதல் நாடளாவிய கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். ஆஸ்திரேலியாவில் விற்பனையை நிறுத்தச் செய்தது இத்தகைய பதிவுகளின் தொகுப்பே என்பதால், இதை வெறும் சடங்கு என்று எண்ண எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆக, குழு வழக்கால் நுகர்வோருக்குப் பயன் உண்டா? சிறு இழப்புகளில் நிறுவனத்தைத் தட்டிக்கேட்க அதைவிட நல்ல கருவி இல்லை. கைக்கு வரும் பணம் மட்டும் சிறிது. உடல் சார்ந்த இழப்புகளில், ஒரு நோயாளியால் தனியே திரட்ட முடியாத சான்றுகளையும் வல்லுநர்களையும் பலர் சேர்ந்தால் திரட்டலாம். அது பெரிய உதவி. அந்த உதவி, தம் உடலில் இருப்பது இன்னது என்று காட்ட முடிந்தவருக்கு மட்டுமே எட்டுகிறது.

ஊரப்பாக்கத்துப் பெண்மணி மறுவாரம் மஞ்சப்பை ஒன்றில் காகிதங்களை எல்லாம் எடுத்துவந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் பெயர் இல்லை. இரசீதில் 'இம்பிளாண்ட்' என்று ஒரே வரி, அதற்கெதிரே தொகை. தேதியைக் கூட்டிப் பார்த்தோம்: சிகிச்சை தொடங்கி இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. உதவி மேசையிலேயே உட்கார்ந்து, தாயாரின் கையெழுத்துடன் அந்த மருத்துவமனைக்கு ஒரு பக்க விண்ணப்பம் எழுதினார். மூன்றாம் நாள் அறுவைக் குறிப்பின் நகல் வந்தது. அதன் கீழே இரண்டு ஸ்டிக்கர்கள் தெளிவாக இருந்தன. தொலைபேசியில் அழைத்தவர் சொன்ன நிறுவனத்தின் மூட்டு அதுவன்று. இரண்டாயிரம் ரூபாயை அவர் இன்னும் செலுத்தியிருக்கவில்லை. தாயாரின் வலிக்குக் காரணம் மூட்டைச் சுற்றிய தொற்றாக இருக்குமோ என்று அறிய, எலும்பு மருத்துவர் இப்போது இரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்.